பாராமகால் மண்ணில் நட்பும் பகையும்

நாடுகளுக்கிடையேயான உறவு என்றதும் தலைநகரங்களும் தூதரகங்களும், கைகுலுக்கும் தலைவர்களின் படங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாம் வாழும் இந்தத் தர்மபுரி மண்ணே அத்தகைய ஓர் உடன்படிக்கையால் கைமாறிய மண்தான். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளும் அவற்றை அடுத்த திருப்பத்தூர்ப் பகுதியும் அன்று பாராமகால் எனப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது மைசூர் அரசின் கையில் இருந்தது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இப்பக்கம் இருந்ததால், போர் மூண்டபோதெல்லாம் படைகள் இங்கே நடமாடின.

1767ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் தொடங்கியது. 1769ல் ஹைதர் சென்னையின் வாசல்வரை வந்துவிட, கம்பெனி சமாதானத்திற்கு இணங்கியது. பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, பிறர் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவது என்று சென்னை உடன்படிக்கையில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது, ஹைதர் கேட்டும் கம்பெனி உதவவில்லை. பின்னாளில் வந்த பகைக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் பெரிய காயம் இதுதான் என்பது நம் எண்ணம்.

அதன்பின் உறவுகள் மாறிய வேகம் வியப்பூட்டுகிறது. மைசூரைத் தாக்கிய அதே மராத்தியர் 1780ல் கம்பெனிக்கு எதிராக ஹைதரோடு கூட்டுச் சேர்ந்தனர். நிஜாமும் அக்கூட்டணியில் இருந்தார். பத்தே ஆண்டுகளில், 1790ல், இந்த இருவருமே கம்பெனியோடு சேர்ந்துகொண்டு ஹைதரின் மகன் திப்பு சுல்தானை எதிர்த்தார்கள்!

கடல் கடந்த நட்பும் இப்படித்தான் ஆனது. 1783ல் மங்களூர் முற்றுகையில் பிரெஞ்சுப் படையினர் திப்புவின் பக்கம் நின்றனர். ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானமான செய்தி வந்ததும் அவர்கள் சண்டையை நிறுத்திவிட்டார்கள். 1788ல் திப்புவின் தூதர்கள் பிரான்ஸ் சென்று மன்னர் 16ஆம் லூயியைச் சந்தித்தனர். வரவேற்பு பலமாக இருந்தது. படை உதவிக்கான வாக்குறுதிதான் கிடைக்கவில்லை.

1791ல் நம் பென்னாகரம் கோட்டையைக் கம்பெனிப் படை தாக்கிப் பிடித்தது. 1792 மார்ச் 18ல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகால் கம்பெனிக்குப் போனது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரவேண்டியிருந்தது. அதற்கு உறுதியாக அவர் தம் இரு மகன்களைப் பிணையாக ஒப்படைத்தார். சிறுவர்கள் அவர்கள். 1794ல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். இன்றோ, 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, பகை நாட்டின் தூதரைக்கூடக் கைது செய்யக் கூடாது.

இந்த மண்ணின் உழவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. உடன்படிக்கைக்குப் பின் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி நிர்வாகப் பொறுப்பேற்றார். அவருடைய உதவியாளராகத் தர்மபுரியில் தங்கிப் பணியாற்றியவர் தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரானவர். நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் இரயத்துவாரி முறை இங்கே உருவெடுத்தது. 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு போரில் மடிந்தபோது, பாராமகாலின் வரி கம்பெனிக்குப் போகத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.