பெட்டிக்குள் ஒரு நூற்றாண்டு

வானொலி, ஒலிநாடா, இறுவட்டு ஆகிய மூன்றும் அடங்கிய கைப்பெட்டியின் பொத்தான்களிலே ஒரு நூற்றாண்டின் வரலாற்றை நாம் காண்கின்றோம்.

1925இல் கொழும்பு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. கேட்டவர் பலர், பேசியவரோ சிலர். கேட்பவனைப் பேசவும் வைப்பதாய் வானொலி மாறவேண்டுமென 1932இல் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் வாதிட்டார். அவ்வேட்கையின் ஒரு கூற்றை, 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை நிறைவேற்றியது. பதிவுப் பொத்தானை அழுத்தினால் எழுத்தறியாத் தொழிலாளியின் குரலும் நிலைபெறும். பேழையின் விளிம்பிலுள்ள சிறு தடுப்பை உடைத்துவிட்டால், அக்குரலின்மீது பிறிதொன்று தவறியும் பதியாது. 1982இல் சந்தைக்கு வந்த இறுவட்டு தெளிவாக ஒலித்தது. எனினும் இப்பெட்டியிலே அதனைக் கேட்கலாமேயன்றிப் பதிய இயலாது. ஒலி உயர்ந்தது, உரிமை சுருங்கியது.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில், போர்த்துக்கேயர் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறும் குடிகள் உளர். இத்தகைய ஊர்களிலும் மலையகத் தோட்டங்களிலும் வரலாறு பெரிதும் முதியோர் நாவிலேதான் வாழ்கின்றது. நாடாவின் காந்தப் பூச்சோ காலத்தால் தேய்வது. ஆதலால் ஆசிரியர்களாகிய நாமும் நம் மாணவரும் வீடுகளிற் கிடக்கும் பழைய நாடாக்களைத் தேடிக் கணினிக்கு மாற்றுதல் வேண்டும். பேசியவர் யார், எவ்வூர், எவ்வாண்டு என்பனவற்றையும் உடன் எழுதி வைப்போம்.