ரப்பருக்கு அப்பால் ஒரு வயல்



ஜொகூரில் என் மாணவர்களிடம் மூதாதையரின் தொழிலைக் கேட்டால், "பால்மரம் வெட்டினார்கள்" என்றே விடையளிக்கின்றனர். என் பாட்டனாரும் அதுவே செய்தார். ஆயினும் அது முழு வரலாறன்று.

பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் 1882-இல், ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்க் கத்தோலிக்கருக்கென வேளாண் குடியிருப்பொன்றை நிறுவினார். பின்னர் 1896-இல் அவர் மலாக்கா ஆயரானார்.

ஆண்டவரின் விண்ணேற்பு விழாவுக்கு முந்திய மூன்று நாள்களில் விளைச்சலுக்காக மன்றாடுவது கத்தோலிக்கரின் பழைய மரபு. ஐரோப்பாவில் அது இளவேனிற்காலம். இங்கோ இளவேனில் இல்லை. மழையே உழவரின் நாள்காட்டி. 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவுற, அவ்வட்டாரம் நெல்வயல்களால் சிறந்தது.

கூலிகளாக மட்டுமன்றி, குடும்பத்தோடு நிலத்தை உழுது வாழவும் தமிழர் இங்கு வந்தனர். இதனையும் நம் பிள்ளைகளுக்குக் கூறுவோம்.