'இல்லை' என்ற விடைக்கு யார் பொறுப்பு? நிறுவனத் தேடலில் கிரால் அமைவும் அடைவாக்கமும்

1. சிக்கல்

ஓர் அலுவலகத்தின் உள்தேடல் பெட்டியில் பழைய சுற்றறிக்கை ஒன்றின் எண்ணைத் தட்டுகிறோம். 'முடிவுகள் ஏதுமில்லை' என்று வருகிறது. இந்த ஒரு வாசகத்துக்குப் பின்னால் ஐந்து நிலைமைகள் இருக்கலாம். அந்தச் சுற்றறிக்கை வெளிவராமலே போயிருக்கலாம். வெளிவந்து, தேடுபொறிக்காகக் கோப்புகளைத் திரட்டும் நிரலான கிராலர் எட்டாத கோப்புறையில் கிடக்கலாம். கிராலர் எட்டியும், கோப்பைத் திறந்து எழுத்தைப் படிக்க முடியாமல் விட்டிருக்கலாம். படித்தும், தேடலுக்கான சொற்பட்டியலான அடைவில் ஏறிய சொல் வடிவமும் நாம் தட்டிய வடிவமும் வேறாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, அதைப் பார்க்கும் அனுமதி மட்டும் நமக்கு இல்லாதிருக்கலாம். முதல் நிலைமைக்கு மட்டுமே 'இல்லை' என்ற சொல் பொருந்தும். மற்ற நான்கும் 'கிடைக்கவில்லை' என்ற வகையைச் சேர்ந்தவை. திரை இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

நிறுவனத் தேடலின் தரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கைச் சுற்றியே நடக்கிறது. வரிசைக்கு வருவதற்கு முன்பே ஓர் ஆவணத்தின் கதி முடிவாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எங்கெங்கே திரட்டுவது, யாருடைய அனுமதியோடு திரட்டுவது, எத்தனை காலத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, எழுத்தை எப்படிப் படிப்பது ஆகிய நான்கும் ஆவணக் கொள்கை சார்ந்த முடிவுகள். அவற்றைக் கணினிப் பிரிவின் மேசைக்கு விட்டுவிட்டால் அவை மெல்ல மெல்ல விடுபடலின் பக்கம் சாய்கின்றன. சாய்வதற்குக் காரணம் நிர்வாகியின் கவனக்குறைவு அன்று. கூடாதது வருவது, வரவேண்டியது விடுபடுவது என்ற இரு வகைத் தவறுகளும் வெளிப்படும் விதத்தில் உள்ள ஏற்றத்தாழ்வே காரணம். அமைவுகள் விரிவாக ஆவணப்படுத்தப்பட்டிருப்பதால், மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் சர்வரின் தேடல் பகுதியை இக்கட்டுரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

2. வலையும் நிறுவனமும்

பொது வலையில் விடுபடல் பெரிதாக உறைப்பதில்லை. ஒரே செய்தி நூறு பக்கங்களில் இருக்கும். ஒன்று விட்டால் இன்னொன்று கிடைக்கும். செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998இல் முன்வைத்த தரவரிசை முறை, பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளை வாக்குகளாக எண்ணியது. கிராலர் ஊர்ந்து செல்லும் வழியும் அதே இணைப்புகள்தான். வலைப்பக்கத்தை எழுதுபவரும் அது தேடலில் அகப்பட வேண்டும் என்றே எழுதுகிறார்.

நிறுவனத்துக்குள் இந்த மூன்று அனுகூலங்களும் இல்லை. தேவைப்படுவது பெரும்பாலும் ஒரே ஓர் ஆவணம். அதற்கு மாற்று கிடையாது. பகிர்வுக் கோப்பகத்தில் கிடக்கும் வேர்டு கோப்பை எந்தப் பக்கமும் சுட்டுவதில்லை. அதை எழுதியவர் மேலதிகாரிக்காக எழுதினார். தேடுபொறியை நினைத்து எழுதவில்லை. கூகுள் தன் தேடலை 2002இல் ஒரு பெட்டியில் அடைத்து நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கி, பிற்பாடு அந்தப் பொருளையே கைவிட்டது. வலையில் வென்ற கணக்கை உள்ளே கொண்டுவரலாம்; வலையின் சூழலை உடன் கொண்டுவர முடியாது.

விடுபட்டது எவ்வளவு என்பதைத் தேடுபவரால் மதிப்பிட முடியாது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. டேவிட் பிளேர், எம். ஈ. மேரன் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய வழக்கைச் சார்ந்த ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், அதாவது சுமார் 3,50,000 பக்கங்கள், ஐபிஎம் நிறுவனத்தின் முழுவாசகத் தேடல் அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன. தொடர்புடைய ஆவணங்களில் 75 விழுக்காட்டையாவது எடுத்துவிட்டோம் என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சராசரியாக 20 விழுக்காடுதான். ஒரு தரப்பு 'விபத்து' என்று எழுதியதை மறுதரப்பு 'நிகழ்வு' என்று எழுதியிருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆவணங்கள் எல்லாமே அடைவுக்குள் இருந்தன. உள்ளே இருந்தவற்றின் குறையே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், உள்ளேயே வராதவற்றின் குறையை யார் அறிவார்?

3. எல்லை

ஷேர்பாயின்டில் நிர்வாகி முதலில் குறிப்பது உள்ளடக்க மூலங்களை: தளங்கள், பகிர்வுக் கோப்பகங்கள், வணிகத் தரவுத்தளங்கள் முதலியன. அதன்மேல் கிரால் விதிகள் வரும். இன்ன முகவரியைச் சேர், இன்னதை விலக்கு என்பன அவை. விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். பரந்த விலக்கு விதி ஒன்று பட்டியலின் மேலே போய்விட்டால், அதன் கீழே கவனமாக எழுதப்பட்ட சேர்ப்பு விதிகள் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும்.

விதியே எழுதாமல் விலகுபவையும் உண்டு. 2013 பதிப்பில் ஒரு கோப்பின் அளவுக்கு 64 மெகாபைட் என்ற இயல்பு வரம்பு இருந்தது. ஓர் ஆவணத்திலிருந்து 20 லட்சம் எழுத்துகள் வரையே பிரித்தெடுக்கப்பட்டன. அதற்கு மேற்பட்ட பகுதி அடைவுக்கு வராது. ஆவணத்தின் பெயர் தேடலில் வரும், முற்பகுதியின் சொற்கள் வரும், கடைசியில் உள்ள இணைப்புப் பட்டியல் வராது. இது முற்றிலும் விடுபடுவதைவிட மோசமான நிலை. ஆவணம் கண்ணில் பட்டுவிட்டதால், அதற்குள் தேடிய சொல் இல்லை என்றே பயனர் முடிவு கட்டுவார்.

ஏற்றத்தாழ்வு தொடங்குவதும் இங்கேதான். கூடாத ஒன்று தேடலில் வந்துவிட்டால் அன்றைக்கே தொலைபேசி அடிக்கும். நிர்வாகி ஒரு விலக்கு விதியைச் சேர்ப்பார். வரவேண்டியது வராமல் போனால் யாரும் அழைப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எதைச் சொல்லிப் புகார் கொடுப்பார்? விலக்கு விதிகள் கூடிக்கொண்டே போகின்றன, நீக்கப்படுவது அரிது. ஐந்தாறு ஆண்டுகளில், யாரும் திட்டமிடாமலே, நிறுவனத்தின் நினைவு சுருங்கிவிடுகிறது.

4. யார் கண்ணால் பார்ப்பது

கிராலர் ஏதோ ஒரு பயனர் கணக்கில் நுழைந்தாக வேண்டும். அந்தக் கணக்கு படிக்கும் அதிகாரம் மட்டும் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது ஷேர்பாயின்ட் வழிகாட்டலின் வற்புறுத்தல். நிர்வாக அதிகாரம் கொண்ட கணக்கைக் கொடுத்தால் வெளியிடப்படாத வரைவுகளும் அடைவில் ஏறிவிடும். கையொப்பமாகாத வரைவு தேடலில் வந்து, அதையே ஆணை என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அந்தத் தவறைத் திரும்பப் பெறுவது எளிதன்று. மாறாக, கணக்கின் அதிகாரம் குறைந்தால் அது எட்டாத தளங்கள் எல்லாம் ஓசையின்றி விடுபடும்.

ஒவ்வோர் ஆவணத்துடனும் அதைப் பார்க்கத் தகுந்தவர் பட்டியலும் அடைவில் சேமிக்கப்படுகிறது. தேடும் நேரத்தில் முடிவுகள் அதன்படி வடிகட்டப்படுகின்றன. இந்தப் பட்டியல் கிரால் நடந்த நேரத்தின் படம். ஷேர்பாயின்ட் குழு ஒன்றில் ஒருவரைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, அக்குழு அனுமதி பெற்ற உருப்படிகளின் பட்டியலை அடைவில் மீண்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் பொதுப் பயனர் பதிவகமான ஆக்டிவ் டைரக்டரியின் குழுவில் சேர்த்தால் அந்தத் தேவை இல்லை. அடைவில் குழுவின் அடையாளம் இருந்தால் போதும். நிறுவனத்தின் அனுமதிகளை எங்கே வைத்து நிர்வகிப்பது என்ற முடிவு, தேடலின் பாதுகாப்பையும் சுமையையும் இப்படி மறைமுகமாகத் தீர்மானிக்கிறது. அந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் தேடல் நிர்வாகிக்கு இடம் வேண்டும்.

5. திரும்பிப் பார்க்கும் காலம்

முழுக் கிரால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கும். மாற்றக் கிரால் மாறியதை மட்டும் படிக்கும். 2013 பதிப்பில் வந்த தொடர் கிரால் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முந்தையது முடியும்வரை காத்திராமல் தொடங்கும். தொடர் கிரால் ஷேர்பாயின்ட் தளங்களுக்கு மட்டுமே பொருந்தும். பகிர்வுக் கோப்பகங்கள் பழைய முறையிலேயே நிற்க வேண்டும். ஒரே தேடல் பெட்டியில் கால் மணி நேரப் பழைமையும் ஒரு வாரப் பழைமையும் அருகருகே வரும். எது எவ்வளவு பழையது என்பதைத் திரை சொல்லாது.

எதை அடிக்கடி பார்ப்பது? அடிக்கடி மாறுவதை என்று உடனே சொல்லத் தோன்றும். ஜுங்கூ சோ, ஹெக்டர் கார்சியா-மொலினா இருவரின் ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைக் கண்டன: மாறும் வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில் பார்வையிடுவதைவிட, எல்லாப் பக்கங்களையும் ஒரே இடைவெளியில் பார்வையிடுவது சராசரிப் புதுமையை உயர்த்துகிறது. மிக வேகமாக மாறும் பக்கத்தைத் துரத்தினாலும் அடுத்த நொடியே அது பழசாகிவிடும். அம்முடிவு எல்லாப் பக்கங்களுக்கும் சம மதிப்புத் தரும் சராசரியைப் பற்றியது. நிறுவனத்தில் மதிப்பு சமமன்று. உணவகப் பட்டியல் தினமும் மாறும். பழையது வந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஊதிய விதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். மாறிய மறுநாள் பழைய விதி முதல் முடிவாக வந்தால் கணக்கே தப்பும். எனவே கால அட்டவணைக்கு அடிப்படையாக இருக்க வேண்டியது பழைமையால் வரும் இழப்பு. அந்த இழப்பை அறிந்தவர்கள் கணக்குப் பிரிவிலும் பணியாளர் பிரிவிலும் இருக்கிறார்கள்.

6. எழுத்து

தேடுபொறியின் உள்ளே இருப்பது தமிழ்ப் புலமைக்குப் புதிய பொருள் அன்று. சொல்லுக்கு நேராக அது வரும் இடங்களைக் குறித்து வைக்கும் சொல்லடைவே அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்கள், புணர்ச்சியை எங்கே பிரிப்பது என்ற முடிவு அடைவின் பயனை எவ்வளவு மாற்றும் என்பதை அறிவார்கள். இன்றைய அடைவாக்கத்தில் அதே முடிவை மென்பொருள் எடுக்கிறது. எடுத்தது யாருக்கும் தெரிவதில்லை.

தமிழ் ஆவணங்களில் அடைவாக்கம் மூன்று தட்டுகளில் தடுக்கி விழுகிறது. முதலாவது, குறிமுறை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகளும் குறிகளும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறிமுறையையும் ஏற்றது. டேஸ் 16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைவதால், பொதுவான அடைவாக்க மென்பொருள் அதன் குறிகளை எழுத்தென்றே அறியாது. இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் இயல்பாக்கம் செய்யாத அடைவுக்கு இவை இரண்டு சொற்கள். மூன்றாவது, வேற்றுமை. 'நிலம்' என்று தேடுபவருக்கு 'நிலத்தின்', 'நிலங்களுக்கு' என்பனவும் வேண்டும். விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும் ஸ்டெம்மர் நிரல்களின் தொகுப்பான ஸ்னோபாலில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் தமிழுக்கென்று அதை இணைத்து வைத்தால்தான் வேலை செய்யும்.

முதல் தட்டே என் வாதத்துக்கு வலுவான சான்று. வானவில் கோப்பு கிராலரின் பதிவேட்டில் 'வெற்றி' என்றே பதிவாகும். கோப்பு திறந்தது, எழுத்துகள் கிடைத்தன, அடைவில் ஏறின. பிழை எதுவும் இல்லை. அந்த ஆவணத்தை எந்த மனிதரும் எந்தத் தமிழ்ச் சொல்லாலும் தேடி எடுக்க முடியாது என்பது மட்டுமே குறை. பிழைப் பட்டியலை மட்டும் பார்க்கும் நிர்வாகிக்கு இது என்றும் புலப்படாது.

7. இரண்டு மறுப்புகள்

பொருளை உணர்ந்து தேடும் செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 'விபத்து', 'நிகழ்வு' போன்ற சொல் வேறுபாட்டை அது பெரிதும் தீர்க்கும். பிளேரும் மேரனும் கண்ட சிக்கலில் ஒரு பகுதிக்கு அது மருந்து. ஆனால் திரட்டப்படாத ஆவணத்தை அதனால் உணர முடியாது. நிறுவனத்தின் ஆவணங்களை வைத்து விடை சொல்லும் மொழி மாதிரியும் இதே அடைவிலிருந்துதான் எடுத்துப் படிக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட்டையொட்டி 2024இல் தந்த ஓர் அமைவு, நிறுவனம் தழுவிய தேடலை நிர்வாகி தேர்ந்த 100 தளங்கள் வரை சுருக்க இடமளிக்கிறது. அனுமதிகள் தாறுமாறாக இருக்கும் நிறுவனத்துக்கு அது தற்காலிகத் தடுப்பு. எந்த நூறு என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். பட்டியலுக்கு வெளியே உள்ளதைத் தயங்காத சொல்நடையில் 'காணவில்லை' என்று இயந்திரம் சொல்கிறது.

'இல்லை', 'கிடைக்கவில்லை' என்ற வேறுபாட்டைத் திரை காட்டுவதற்காக, விலக்கப்பட்டவற்றைப் பயனருக்கு அறிவித்தால் இரகசியம் கசியாதா என்பது இரண்டாவது மறுப்பு. ஆவணத்தின் தலைப்பைக் காட்டினால் கசியும். 'பணியாளர் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் இத்தேடலில் இல்லை' என்று வகையைச் சொன்னால் கசிய ஒன்றுமில்லை. அப்படிக் கோப்புகள் இருப்பது எல்லோரும் அறிந்ததே.

8. முடிவு

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தன் 4ஆம் பிரிவில் பொது அதிகார அமைப்புகள் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்கக் கடமை விதிக்கிறது. அந்தக் கடமையைக் கிரால் விதிகளும் இயல்பு வரம்புகளும் நிறைவேற்றும் அலுவலகத்தில், விலக்கு விதி ஒவ்வொன்றும் குடிமகனுக்குப் போகும் 'ஆவணம் இல்லை' என்ற பதிலின் ஒரு பகுதி.

ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய, விடுபடலுக்கும் ஓசை தர வேண்டும். அதற்கு மூன்று நடைமுறைகள் போதும். ஒவ்வொரு விலக்கு விதிக்கும் காரணம், பொறுப்பாளர், மறு ஆய்வு நாள் ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு முதலாவது. நாள் கடந்தும் யாரும் பொறுப்பேற்காத விதி நீங்க வேண்டும். ஒவ்வொரு மூலத்திலும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையை அடைவின் எண்ணிக்கையோடு மாதந்தோறும் ஒப்பிடுவது இரண்டாவது. ஒவ்வொரு மூலத்திலிருந்தும், இருப்பது உறுதியான சில ஆவணங்களை, அவற்றின் நடுப்பகுதியிலும் கடைசியிலும் உள்ள தமிழ்ச் சொற்களைக் கொண்டு தேடிப் பார்ப்பது மூன்றாவது. எண்ணிக்கை ஒப்பீடு வானவில் கோப்பைக் காட்டிக்கொடுக்காது. இந்த மூன்றாவது சோதனை கொடுக்கும். 20 லட்சம் எழுத்து வரம்பும் அப்போதே வெளிவரும்.

இச்சோதனையைக் கணினிப் பிரிவு தனியாகச் செய்ய இயலாது. எந்த ஆவணம் இருந்தாக வேண்டும் என்பதைக் கோப்புகளோடு பல்லாண்டு வாழ்ந்த பிரிவு எழுத்தர்தான் அறிவார். கிரால் அமைவைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அவரையும் அழைக்க வேண்டும்.