சீட்டு மேசையும் சில சந்தேகங்களும்

சீட்டு விளையாட எதுக்குய்யா தனியா ஒரு மேசை? நம்ம ஊர்ல ஒரு ஜமுக்காளம் போதும். மொட்டை மாடியோ கல்யாண மண்டபமோ, நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தா ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. என் பிரச்சனை வேற. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோட் அடிக்கிறவன் தரையில அரைமணி உட்கார்ந்தா, எழுந்திருக்கும்போது முட்டி கத்துது :-) அதனால வீட்டிலேயே ப்ளைவுட்டில் ஒரு சீட்டு மேசை செய்யலாம்னு இறங்கினேன். நீள அகலம் என்னன்னு தேடப் போனவன் முந்நூறு வருஷ சரித்திரத்தில் மாட்டிக்கிட்டேன்.

சீட்டுக்கென்றே தனி மேசை என்பது இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டுகிறது. ராணி ஆன் ஆண்ட காலத்தில் (1702-1714) வசதியான வீடுகளில் அது ஒரு ஃபேஷன். அதன் அழகே மடிப்பில்தான். மூடினால் சுவரோரம் ஒட்டி நிற்கும் ஒடுக்கமான மேசை. மேல் பலகையைப் புத்தகம் மாதிரி விரித்தால் முழுச் சதுரம். சரி, விரித்த பாதியை எது தாங்கும்? சாதாரண மேசைகளில் பின்னங்கால் ஒன்று கதவு மாதிரி திரும்பி வந்து முட்டுக்கொடுக்கும். வேலை நடக்கும், ஆனால் கால்கள் கோணல்மாணலாக நிற்கும். விலை உயர்ந்த மேசைகளில் பக்கவாட்டுச் சட்டம் இரண்டும் நடுவில் கீல் வைத்து உள்ளே மடிந்திருக்கும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்து, நாலு காலும் நாலு மூலையில் கச்சிதமாக வந்து நிற்கும். மின்சாரமும் இல்லாத காலத்தில் வெறும் உளியை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நான் பத்து நிமிஷம் பேசவே இல்லை.

மூலைகளைப் பாருங்க. வட்டமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அது அலங்காரம் இல்லை, மெழுகுவர்த்தித் தண்டு வைக்கிற இடம். ராத்திரி ஆட்டம், வெளிச்சம் வேணுமே. ஒவ்வொரு ஆட்டக்காரர் பக்கத்திலும் ஒரு சின்னக் குழி இருக்கும். அது காசும் வில்லைகளும் போட்டுவைக்க. அந்த வில்லைகள் பல சமயம் சீனாவில் முத்துச்சிப்பியில் செதுக்கியவை. பணக்காரக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தையே பொறித்துத் தரச்சொல்லி வாங்கியிருக்கின்றன. மீன் வடிவிலும் வரும். 1813ல் வந்த ஜேன் ஆஸ்டின் நாவலில் லிடியா, தான் ஜெயித்த மீன் எத்தனை, தோற்ற மீன் எத்தனை என்று வாய் ஓயாமல் பேசுவாளே, அந்த மீன் இதுதான். காலேஜில் படித்தபோது எனக்கு அந்த வரி புரியவே இல்லை.

அப்புறம் அந்தப் பச்சைத் துணி. பெய்ஸ் என்று பெயர், முரட்டுக் கம்பளித் துணி. 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பக்கமிருந்து அகதிகளாக இங்கிலாந்து வந்த நெசவாளர்கள் கொண்டுவந்த சரக்கு. வழவழ மரத்தில் சீட்டு வழுக்கிக்கொண்டு ஓடும், எடுக்கவும் நகம் வேண்டும். துணியில் சீட்டு போட்ட இடத்தில் நிற்கும், காசு சத்தமும் கேட்காது. அலெக்சாண்டர் போப் 1714ல் விரிவாக்கி வெளியிட்ட நையாண்டிக் காவியத்தில் ஒரு சீட்டாட்டம் வரும். அதில் இந்தப் பச்சை மேசைதான் போர்க்களம், ராஜா ராணிகள்தான் படை.

போப் எழுதிய ஆட்டம் ஓம்பர். மூணு பேர், அதுக்கென்றே முக்கோண மேசைகள்கூட உண்டு. அதில் நிரந்தரக் கூட்டாளி கிடையாது. 1742ல் எட்மண்ட் ஹாயில் விஸ்ட் ஆட்டத்துக்குப் புத்தகம் போட்டு, ஊரே விஸ்ட் ஆடும்போது கதை மாறுது. விஸ்டில் எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு கட்சி. உன் பார்ட்னர் கையில் என்ன இருக்கு என்று ஆட்டத்தை வைத்துத்தான் ஊகிக்கணும். ஆனா முகம் நேரா தெரியுதே! இருமலாம், புருவம் தூக்கலாம். மேசை செய்தவர்கள் மடிப்பு, வெளிச்சம், காசு எல்லாத்துக்கும் வழி பண்ணினார்கள். இந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

விஸ்டின் பேரன்தான் பிரிட்ஜ். 1925ல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பலில் கான்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்தார். 1931 டிசம்பரில் நியூயார்க்கில் கல்பர்ட்சனும் லென்ஸும் மோதிய 150 ரப்பர் ஆட்டம் தினசரிப் பத்திரிகைச் செய்தி. மலிவான மடக்குக் கால் மேசைகள் அமெரிக்க வீடுகளில் நுழைந்தது இந்தப் பைத்தியத்தில்தான். சுமார் 34 அங்குலச் சதுரம், சாப்பாட்டு மேசையைவிட ரெண்டு மூணு அங்குலம் குள்ளம். நானும் இதே அளவைத்தான் எடுத்தேன். கை நீட்டினா நடுவில் இருக்கும் சீட்டு எட்டும், எட்டிப்பார்த்தா பக்கத்து ஆள் கை தெரியாது.

அந்தப் பழைய ஓட்டை 1965ல் வெடித்தது. பியூனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில் பிரிட்டனின் ரீஸ், ஷாபிரோ இருவரும் சீட்டைப் பிடிக்கிற விரல்களால் சைகை காட்டினார்கள் என்று புகார். உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றம் என்றது. பிரிட்டன் நடத்திய விசாரணை 1966ல் அவர்களை விடுவித்தது. எது உண்மை என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

1975ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் ஒரு பேட்ச் போட்டார்கள். மேசைக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு தடுப்பு. பார்ட்னர் முகமே தெரியாது, தடுப்புக்கு இந்தப் பக்கம் உன்னோடு உட்கார்ந்திருப்பவன் எதிராளி. ஆனா தடுப்பு மேசைக்கு மேலே மட்டும்தான்! அதே போட்டியில் இத்தாலியின் ஃபக்கீனி, மேசைக்கு அடியில் தன் பார்ட்னர் சுக்கெல்லியின் காலைத் தொட்டதை ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் பார்த்துச் சொல்லிவிட்டார். சம்மேளனம் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டது. கால்களை என்ன செய்வது? சீட்டு மேசைக்கு அடியில் ஒரு காபி மேசையைத் தள்ளிவைத்தார்கள். மேசைக்குள்ளே மேசை! பின்னாடி தடுப்பே தரைவரைக்கும் இறங்கியது.

நாலு பேர் முகத்தைப் பார்த்து உட்காரத்தானே அந்தச் சதுரம் பிறந்தது? இப்போ பெரிய போட்டிகளில் அது சுவர் வைத்த மேசை. எனக்கு இதில் சிரிப்பும் வருது, கொஞ்சம் வருத்தமும் வருது. என் மேசைக்குத் தடுப்பு வைக்கப்போறதில்லை. கூட்டாளிகள் மூணு பேரும் கொட்டாவி விட்டே சைகை காட்டுற ஆளுங்கதான், இருந்தாலும்.

தடுப்பு வந்தும் பிரச்சனை தீரவில்லை. 2015ல் ஒரு நார்வே ஆட்டக்காரர் கிளப்பிய புகாரை வைத்து, இணையத்தில் இருந்த வீடியோக்களை ஆட்டக்காரர்களே அலசினார்கள். ஒரு இஸ்ரேல் ஜோடி, சீட்டு வருகிற போர்டை மேசையில் எந்த இடத்துக்கு நகர்த்துகிறது என்பதே சைகை என்று கண்டுபிடித்தார்கள். 2016ல் ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆட்டம் முடியும்வரை போர்டு மேசை நடுவிலேயே இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் அதற்கு முன்பே எழுதியிருந்தது.