நாழிகை வழியும் வான்வழியும்

சங்கக் கூட்டங்களில் இருவர் சந்தித்தால் "ஊருக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகுது?" என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். எத்தனை மைல் என்று கேட்பவர் அரிது. தொலைவை நேரத்தால் அளக்கும் இந்தப் பழக்கம் விமானத்தோடு வந்ததன்று. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தூரத்தை 'நாழிகை வழி' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஏழரை நாழிகை வழி ஒரு காதம்.

இவ்வளவையின் அருமை மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் விளங்கும். தேனி மாவட்டப் போடிநாயக்கனூருக்கும் இடுக்கி மாவட்ட மூணாறுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 33 கிலோமீட்டர். பெரிய விமானம் மூன்று நிமிடத்தில் தாண்டிவிடும். போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சாலையில் போனால் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு. தோட்ட வேலைக்குப் போன எங்கள் அப்பத்தாவின் கணக்கோ வேறு: "கோழி கூப்பிடக் கெளம்புனா, பொழுது சாய டாப் ஸ்டேஷன்."

தேயிலைக்கு மட்டும் வழி சுருங்கியது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908-இல் அது குறுகிய ரயில்பாதையாயிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வந்த தேயிலைப் பெட்டிகள், சுமார் 5 கிலோமீட்டர் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கின. பிறகு வண்டியேறிப் போடி சேர்ந்தன. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றது. மறுபடி போடவில்லை. கொழுந்து பறிக்க வந்தவர்களோ மலையை நடந்தே ஏறினார்கள்.

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் மாவட்டத் தலைநகரிலிருந்து அங்கே பேருந்தில் போக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று சுற்றவேண்டும். சுமார் 100 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் அதில் ஏறக்குறையப் பாதிதான். இங்கும் கொச்சி சமஸ்தானம் 1907-இல் சாலக்குடிக்கு டிராம் பாதை திறந்தது, தேக்கு மரம் இறக்குவதற்காக. 1963-இல் அதுவும் நின்றுபோனது.

ஆக, தொலைவைத் தீர்மானிப்பது மலை மட்டுமன்று. எதற்காக வழி வெட்டினார்கள் என்பதும்தான். தேயிலைக்கும் தேக்குக்கும் குறுக்குவழி கிடைத்தது. மனிதர்களுக்குக் கிடைத்தது சுற்றுவழி. 1956-இல் சமஸ்தான எல்லை மொழிவழி மாநில எல்லையானபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பாதையின் நீளம் ஓர் அடிகூட மாறவில்லை. ஆனால் அதன் மேல்முனையில் இருந்த தமிழர் வேற்று மாநிலத்துச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு இறங்கியது என்பதற்குப் பதிவு உண்டு. அப்பத்தா நடந்த வழிக்குப் பதிவேடு கிடையாது. எங்கே இளைப்பாறினார்கள், யார் யார் கூட வந்தார்கள் என்று அவர் இருந்தபோது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்பர்களே, உங்கள் வீட்டில் கேட்க இன்னும் ஆள் இருந்தால், கேட்டு எழுதி வையுங்கள்.