வெண்ணெய்க் கடிதமும் கிறிஸ்துமஸ் ரொட்டியும்

திருச்சபைச் சரித்திரம் பயில்கிறவர்கள் யாவரும் பாவமன்னிப்புச் சீட்டைப்பற்றி அறிவர். அதே சந்தையில் விலைபோன வெண்ணெய்க் கடிதத்தைப்பற்றி அறிந்தவர் சிலரே. 1520ஆம் ஆண்டு மார்ட்டின் லூத்தர் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் இக்கடிதங்களைக் கடுமையாகச் சாடுகிறார். இவற்றின் கதையை நூலகத்தில் மட்டுமன்று, சாக்சனி நாட்டுச் சமையலறையிலும் தேடவேண்டும். ஷ்டொல்லன் எனப்படும் அந்நாட்டுக் கிறிஸ்துமஸ் பழரொட்டியில் அக்கதை பிசைந்து வைக்கப்பட்டுள்ளது.

1. நோன்பின் ரொட்டி

நௌம்பர்க் நகரில் 1329ஆம் ஆண்டு பேராயர் ரொட்டி சுடுவோருக்குச் சங்க உரிமை வழங்கியபோது, கிறிஸ்துமஸ்தோறும் தமக்கு நீண்ட கோதுமை ரொட்டிகள் இரண்டு அளிக்கவேண்டும் என்று பணித்தார். டிரெஸ்டன் நகரில் 1474ஆம் ஆண்டு தர்ம விடுதி ஒன்றின் கணக்கில் இந்த ரொட்டியின் பெயர் காணப்படுகிறது. எனினும் அது இன்றைய இனிய பழரொட்டி அன்று. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலம் அந்நாட்களில் நோன்புக் காலம். இறைச்சி மட்டுமன்றிப் பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. ஆகவே மாவு, தண்ணீர், எண்ணெய் ஆகியவற்றால் சுட்ட உலர்ந்த ரொட்டியே மக்களுக்குக் கிடைத்தது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்கவேண்டும். ஒலிவமரம் செழிக்கும் இத்தாலியில் வெண்ணெயை விடுவது பெரும் பாரமன்று. நல்ல எண்ணெய் கையருகே உண்டு. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒலிவம் வளர்வதில்லை. குளிர்நாட்டு ஏழையின் கொழுப்புணவு அவன் பசு தரும் வெண்ணெயே. அதை விலக்கினால், தூரத்திலிருந்து வந்த எண்ணெயை விலைகொடுத்து வாங்கவேண்டும்; அல்லது உள்ளூரில் விதைகளை ஆட்டி எடுத்த கசந்த எண்ணெயைத் தின்னவேண்டும். தெற்கே பக்தியாயிருந்த சட்டம் வடக்கே நுகமாயிற்று.

2. விலைக்கு வந்த விடுதலை

சாக்சனி நாட்டுப் பிரபுக்கள் இந்நுகத்தைத் தளர்த்தும்படி ரோமாபுரிக்கு விண்ணப்பித்தனர். 1491ஆம் ஆண்டு எட்டாம் இன்னொசெந்து என்னும் போப்பரசர் இசைந்தார். வெண்ணெய் உண்ணலாம், ஆனால் அதற்குக் காணிக்கை செலுத்தவேண்டும். அப்பணம் ஃப்ரைபெர்க் நகரப் பேராலயக் கட்டுமானத்துக்கு உதவிற்று. பிரான்சு தேசத்து ரூவான் பேராலயத்தில் ஒரு கோபுரம் இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே அழைக்கப்படுகிறது. லெந்து காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் செலுத்திய பணம் அதற்குச் சென்றது.

லூத்தர் அப்போது ஏழெட்டு வயதுச் சிறுவர். ஆகவே சாக்சனிக்கு வெண்ணெயைக் கொடுத்தது சீர்திருத்தமே என்று நாம் பெருமை பாராட்டுவதற்கில்லை. அது முன்னமே வந்துவிட்டது. விலைக்கு வந்தது என்பதே இடர். வெண்ணெய் உண்பது தேவனுக்கு விரோதமான பாவமானால் பணம் அதனை நீக்குவது எங்ஙனம்? பாவமன்றெனில் பணம் கேட்பது எங்ஙனம்? லூத்தரின் வாதம் இதனினும் ஆழமானது. ரோமாபுரியார் தங்கள் காலணிக்கும் பூசாத எண்ணெயை நமக்கு உண்ணக் கொடுத்துவிட்டு, பின்பு உண்ணும் விடுதலையை விற்கிறார்கள் என்கிறார். அதனால் விளைந்த கேட்டையும் காட்டுகிறார்: பொய்யும் தேவதூஷணமும் வேசித்தனமும் சிறியவையாகவும், வெண்ணெய் தின்பது பெரும் பாதகமாகவும் மக்கள் எண்ணத் தொடங்கினர். மனச்சாட்சியின் தராசே கெட்டுப்போயிற்று.

லூத்தர் நோன்பை வெறுத்தவரல்லர். சரீரத்தை அடக்கும் ஒழுக்கத்தை அவ்வாண்டிலேயே எழுதிய மற்றொரு நூலில் பாராட்டுகிறார். நோன்பைச் சுயாதீனமாக ஏற்பது வேறு, கட்டாயமாக்கி விலக்கை விற்பது வேறு. ரோமச் சபையும் 1966ஆம் ஆண்டு ஆறாம் பவுல் காலத்தில் தன் நோன்பு விதிகளைப் பெரிதும் தளர்த்தியது என்பதை நாம் நேர்மையுடன் சொல்லவேண்டும்.

3. வீட்டு அடுப்பில்

1539ஆம் ஆண்டு டிரெஸ்டன் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் ரொட்டி கொழுத்தது. 1730ஆம் ஆண்டு அரசர் அகஸ்துஸ் தமது படைவிழாவில் ஏறத்தாழ 1.8 டன் எடையுள்ள ஷ்டொல்லனைச் சுடுவித்தார். நோன்பின் ரொட்டி அரச ஆடம்பரமாயிற்று.

ஆயினும் அதன் மெய்யான இடம் வீடே. உலர்ந்த திராட்சையை முன்னாள் இரவே ரம்மில் ஊறவைப்பார்கள். ஈஸ்ட் சேர்த்துப் புளித்த மாவில் வெண்ணெய், வாதுமைப் பருப்பு, பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சை இனத் தோல்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து மடிப்பார்கள். சுட்டபின் சூட்டோடு உருக்கிய வெண்ணெயைப் பூசி, வெண்மையாகச் சீனி தூவுவார்கள். அந்த உருவில் துணிகளில் சுற்றிய பாலகனைக் காண்பது ஜனங்களின் பக்தி. பிசைந்த மாவை ஊர் ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோய், தம் குடும்பப் பெயர் பொறித்த தகட்டை அதில் குத்தி அடையாளமிடும் வழக்கமும் இருந்தது. சுட்ட ரொட்டியைச் சில வாரங்கள் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பதப்படுத்துவர். உண்ணும்போது நடுவில் வெட்டி, மீந்த இரு பாதிகளையும் ஒட்டிவைத்தால் காய்ந்துபோகாது.

இன்று டிரெஸ்டன் ஷ்டொல்லன் என்னும் பெயரைத் தாங்கவேண்டுமாயின் 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு வெண்ணெயும் 65 பங்கு திராட்சையும் இருக்கவேண்டும் என்பது விதி. வெண்ணெய் கூடாது என்ற சட்டம் வெண்ணெயின்றிக் கூடாது என்று மாறிற்று!

1949 முதல் 1990 வரை நிலவிய கிழக்கு ஜெர்மனியில் திராட்சையும் வாதுமையும் அரிதாயின. மேற்கிலிருந்த உறவினர் அவற்றைப் பொதிகளில் அனுப்பினர். கிழக்கிலிருந்தோர் ரொட்டியாகச் சுட்டுத் திருப்பி அனுப்பினர். பிரிக்கப்பட்ட குடும்பங்கள் இவ்வாறு ஒரே ரொட்டியில் பங்குபெற்றன. இங்கே விலையில்லை, கொடுத்தலும் பெறுதலுமே உண்டு.

4. நமக்குரிய பாடம்

சீகன்பால்க் பிறந்த புல்ஸ்நிட்ஸ் டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள ஊர். லைப்சிக் மிஷன் 1836இல் தோன்றியதும் டிரெஸ்டனிலேயே. அந்நாட்டாரிடம் சுவிசேஷத்தைப் பெற்ற நாம் அவர்கள் ரொட்டியின் கதையையும் கற்கவேண்டும்.

நாம் குருத்துவப் பணியேற்ற தொடக்கத்தில், மகளின் திருமண ஓலை வாசிக்கும்படி ஓர் ஏழை விதவை வந்தார். சந்தா பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள் அம்மா என்றோம். மூன்றாம் நாள் பணத்துடன் வந்தார். காதில் கிடந்த தோடு இல்லை. ஓலை வாசித்தோம். லூத்தரின் நூலை மாணவருக்குக் கற்பிக்கும்போதெல்லாம் அவ்வெறுங் காது நம் கண்முன் நிற்கிறது. வெண்ணெய்க் கடிதம் எழுதியவர்கள் ரோமாபுரியில் மட்டும் இருக்கவில்லை.

சபைக்கு ஒழுங்கு வேண்டும், காணிக்கையும் வேண்டும். ஆனால் ஒரு விதியை இயற்றுமுன் அது யார் அடுப்பில் பாரமாக இறங்கும் என்று கேட்போமாக. பாரம் என்று கண்டால் விலக்கை விற்காமல் விதியையே அகற்றுவோமாக. கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தை விளக்குமுன், நம் சபையின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.