ஒரே வட்டு, இரண்டு ஆட்சி

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும்போது, ஒன்றில் சேமித்த கோப்பை மற்றொன்றில் திறப்பது ஏன் இத்தனை காலம் தலைவலியாக இருந்தது? தொழில்நுட்பச் சிக்கல் என்பார்கள். அது பாதி உண்மை. அடுத்தவர் கோப்பைப் படிக்கும் தேவை யாருக்கு இருந்ததோ அவர்கள் வழி தேடினார்கள், தேவையில்லாதவர்கள் சும்மா இருந்தார்கள் என்பதே வரலாறு காட்டும் மீதிப் பாதி. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது பிசி என்றாலே டாஸ்தான். ஆகவே மைக்ரோசாஃப்டின் ஃபேட் கோப்பு முறைமையைப் படிக்கவும் எழுதவும் லினக்ஸ் சீக்கிரமே கற்றுக்கொண்டது. யூஎம்எஸ்டாஸ் என்ற ஏற்பாடு டாஸ் பார்ட்டிஷனுக்குள்ளேயே லினக்ஸை நிறுவ வழிசெய்தது. டாஸில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று; அது யாருடையது என்று குறிக்க இடமே கிடையாது. அதனால் யூஎம்எஸ்டாஸ் ஒவ்வொரு ஃபோல்டரிலும் தனியாக ஒரு கோப்பை வைத்து, நீண்ட பெயர்களையும் உரிமை விவரங்களையும் அதில் எழுதிக்கொண்டது. டாஸுக்கு அதுவும் ஒரு சாதாரணக் கோப்பு, அவ்வளவுதான்.

1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. அதைத் துழாவித் துழாவியே லினக்ஸ்காரர்கள் கற்க வேண்டியிருந்தது. 2002-இல் புதிதாக எழுதப்பட்ட ட்ரைவர்கூட, இருக்கிற கோப்பின் மேல் அளவு மாறாமல் எழுதத்தான் துணிந்தது. கடிதத்தில் ஒரு வரி கூட்ட முடியாது. ஆகவே பலர் நடுவே ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனைப் பொதுவில் வைத்தார்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது என்பதால் முழு டிவிடி பிம்பத்துக்கு அங்கே இடமில்லை. 2003-இல் கேப்டிவ் என்ற மென்பொருள், விண்டோஸின் சொந்த ட்ரைவரையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து ஓட்டியது. பிறகுதான் சபோல்ச் சகாசிட்ஸின் என்டிஎஃப்எஸ்-3ஜி வந்தது; 2007-இல் அதன் நிலையான பதிப்பு வெளியானதும் தயக்கமின்றி எழுத முடிந்தது.

என்டிஎஃப்எஸ் சிக்கலானது, அரைகுறையாக அறிந்து எழுதினால் தரவு பாழாகும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்', கணினியை அணைத்தாலும் விண்டோஸைப் பாதித் தூக்கத்திலேயே வைக்கிறது. அந்நேரம் லினக்ஸ் விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதினால் ஆபத்துதான். ஆனால் 2006-இல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ஃபேட் முறைமை அவ்வளவு சிக்கலானதல்ல. இருந்தும் அதன் விவரக்குறிப்பை 2019 வரை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைக்கவில்லை. எளிமையான பழைய ஃபேட்டின் நீண்ட பெயர்களுக்கே காப்புரிமை கோரி, லினக்ஸைப் பயன்படுத்திய டாம்டாம் நிறுவனத்தின் மேல் 2009-இல் வழக்குப் போட்டது. திறந்து வைத்தால் போதும் என்பாருக்கும் ஒரு பதில் உண்டு: லினக்ஸின் எக்ஸ்ட் குடும்ப முறைமைகள் தொடக்கம் முதலே திறந்த ஏடுகள், விண்டோஸ் அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இல்லை.

தேவை பின்னர் இடம் மாறியது. 2019 வாக்கில் மைக்ரோசாஃப்டின் சொந்த அஸூர் மேகத்தில் விண்டோஸைவிட லினக்ஸே அதிகம் ஓடியது. எக்ஸ்ஃபேட் திறக்கப்பட்டது அதே ஆண்டில் என்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இப்போது விண்டோஸ் 11-இல் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக எக்ஸ்ட்4 வட்டைத் திறக்கலாம். அப்போதும் விண்டோஸ் தானாக அதைப் படிப்பதில்லை. உள்ளே ஒரு லினக்ஸ் கெர்னலை ஓட்டி, அதன் கையில் வட்டைக் கொடுக்கிறது. கொடுப்பதென்றால் வட்டு முழுவதையும் கொடுக்க வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் வட்டைக் கொடுக்க முடியாது. எனவே ஒற்றை வட்டில் இரண்டையும் நிறுவியவருக்கு இந்த வழி இன்னும் அடைப்புத்தான்.